தெமோதரை: கங்காணியின் தலைப்பாகையும் கடன் கொப்பியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

நீண்ட வார விடுமுறை ஒன்று வந்தால் போதும், என் முகநூல் முழுக்க ஒன்பது வளைவுப் பாலம்தான். காத்தான்குடியிலிருந்து ஒரு வேன், அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வேன், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பஸ். எல்லோரும் எல்லவுக்கு வருகிறார்கள், பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். வரட்டும், சந்தோசம். ஆனால் அதே தண்டவாளத்தில் அடுத்ததாக வரும் நிலையம் தெமோதரை. அங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள், பாடசாலைப் பிள்ளைகள், என்னைப் போன்ற வாத்திமார். இந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. வகுப்பில் ஊர் வரலாறு பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் பாலத்தின் படத்தை அச்சிட்டு ஒட்டி, கீழே இணையத்தில் கிடைத்த நாலு வரியை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் வெறுங்கையோடு வந்தாள். ஏன் மகள் என்று கேட்டேன். "எங்க தோட்டத்துக்கு வரலாறு இல்ல சேர்" என்றாள். சேட்டைக்குச் சொல்லவில்லை. வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் சொன்னாள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தெமோதரை என்ற பெயருக்கு இரண்டு ஆற்றுமுகம், அதாவது இரண்டு ஓடைகள் கூடும் இடம் என்று சிங்களத்தில் பொருள் சொல்வார்கள். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பாதையில் ஹாலி எலவைத் தாண்டி வரும் சின்னச் சந்தி. கீழே ஓடையோரம் வயல், அதற்கு மேலே கிராமத்து வீடுகள், அதற்கும் மேலே தேயிலை, தேயிலைக்குள்ளே லயங்கள். ஊவாவில் எங்கு போனாலும் ஏறக்குறைய இதே அடுக்குத்தான். இந்த அடுக்கே ஒரு வரலாறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒரு நீர்ப்பிரிமேடு இருக்கிறது. புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. எல்லப் பள்ளத்தாக்கில் விழும் மழை ராவணா எல்லப் பக்கமாக இறங்கி, கிரிந்தி ஓயாவோடு தெற்குக் கடலுக்குப் போகிறது. தெமோதரையில் விழும் மழை பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தையில் 64 மீட்டர் குதித்து, மகாவலியில் கலந்து, திருகோணமலைப் பக்கம் கடலைச் சேர்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்தான். ஆனால் தண்ணீருக்கு இரண்டு திசை, இரண்டு கடல்.

மழையும் இங்கே தலைகீழ். ஹட்டன் பக்கம் ஆடி மாதத்தில் நனைந்து ஊறும்போது ஊவாவில் கச்சான் காற்று வீசும். மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் காற்று. ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் கொழுந்து வாடி வதங்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கென்று ஒரு தனி வாசம் வருகிறது. தைலம் மாதிரி மூக்கில் ஏறும் வாசம். மெத்தில் சலிசிலேற்று என்ற பொருளின் வேலை அது, வலிக்குப் பூசும் தைலங்களில் இருக்கும் அதே பொருள்தான். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த வாசம். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அது உதடு வெடிக்கும் காலம்.

இனி ரயிலுக்கு வருவோம். 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. 1867இல் கண்டி. 1885இல் நானுஓயா. 1894இல் பண்டாரவளை. அதோடு நின்றுவிட்டது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது 1924 ஏப்ரல் 5ஆம் திகதி. இடையில் முப்பது வருடம்! பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் வரும் தூரம் அது. செலவு பெரிது, நிலம் கடினம், நடுவில் முதலாம் உலக யுத்தம் வேறு.

நிலம் எவ்வளவு கடினம் என்று ஒரு சின்னக் கணக்கால் காட்டலாம். பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,891 மீட்டர். பதுளை நிலையம் 652 மீட்டர். இடையில் ரயில் ஓடும் தூரம் சுமார் 68 கிலோமீட்டர். அதற்குள் 1,239 மீட்டர் இறங்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: சராசரியாக 55 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் இறங்க வேண்டும். இந்தப் பாதையின் உச்சச் சரிவு 44இற்கு 1. அதற்கு மேல் போனால் எஞ்சின் இழுக்காது, பிரேக்கும் பிடிக்காது. ஆக எந்த இடத்திலும் பெரிதாக விட்டுக்கொடுக்க இடமில்லை. மலை செங்குத்தாக விழும் இடத்தில் என்ன செய்வது? பாதையின் நீளத்தைக் கூட்ட வேண்டும். ஐம்பது அடி இறங்க 2,200 அடிப் பாதை வேண்டும். நேரே போக இடமில்லாவிட்டால் சுற்றித்தான் போக வேண்டும்.

தெமோதரையில் செய்தது அதைத்தான். ரயில் எல்லப் பக்கமிருந்து நிலையத்துக்குள் வந்து நிற்கும். புறப்பட்டால் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து கீழே இறங்கி, கடைசியில் தான் நின்ற நிலையத்துக்கே அடியில் உள்ள 42ஆம் இலக்கச் சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் உடுவரைக்குப் போகும். மேடையில் நின்று ரயிலை வழியனுப்பினால், கொஞ்ச நேரத்தில் அதே ரயில் உங்கள் காலுக்குக் கீழே ஓடும் சத்தம் கேட்கும். நான் முதல் தடவை கேட்டபோது சின்னப் பிள்ளை மாதிரி மேடையின் ஓரத்துக்கு ஓடினேன்.

இந்தச் சுற்றுப் பாதைக்கு ஒரு கதை உண்டு. தெமோதரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இஞ்சினியர் வழி தெரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தோட்டத்துப் பெரிய கங்காணி அந்தப் பக்கம் வந்தார். அவருடைய தலைப்பாகை தளர்ந்திருந்தது. அவிழ்த்தார், உதறினார், மறுபடி தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். பார்த்துக்கொண்டிருந்த இஞ்சினியர் துள்ளி எழுந்தாராம்: துணி தலையைச் சுற்றி வருகிற மாதிரி தண்டவாளமும் மலையைச் சுற்றி வரட்டுமே! அந்த இஞ்சினியர் டீ. ஜே. விமலசுரேந்திர என்று சிலர் சொல்வார்கள். நீர்மின்சாரத்தின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படிப்போமே, அவரேதான். ஒரு வெள்ளைக்காரத் துரை என்று வேறு சிலர் சொல்வார்கள்.

நல்ல கதை. நானும் வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால் உண்மையா என்று கேட்டால், நம்ப எனக்குக் கஷ்டம். 1881இல் டார்ஜிலிங் மலைக்குப் போட்ட பாதையிலேயே இப்படிச் சுற்றுகள் வந்துவிட்டன. 1882இல் திறந்த சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் பாதையில் மலைக்குள்ளேயே சுரங்கத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பதுளைப் பாதை போட்டவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது. தலைப்பாகையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திருக்காது.

அப்படியென்றால் மக்கள் ஏன் இந்தக் கதையை நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? எனக்குக் கதையின் உண்மையை விட இந்தக் கேள்விதான் முக்கியம். கல் உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், சுரங்கத்துக்குள் வெடி வைத்தவர்கள் யாருடைய பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, ரயில் பாதையிலும் வேலை செய்தார்கள். இத்தனை பேர் இத்தனை வருடம் உழைத்த ஒரு வேலையில் தங்களவர் ஒருவராவது மூளையால் பங்கெடுத்ததாக ஒரு கதை வேண்டும் அல்லவா? அதைத்தான் அந்தத் தலைப்பாகை கொடுக்கிறது.

ஆனால் அந்தத் தலைப்பாகையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கவும் வேண்டும். கங்காணி யார்? ஊரில் போய் ஆள் கட்டி, முன்பணம் கொடுத்து, கடலைத் தாண்டிக் கூட்டிவந்தவர். வந்த செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். அந்தக் கடனோடு ஒரு சீட்டு. அதற்குத் "துண்டு" என்று பெயர். துண்டில் எழுதிய கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் தொழிலாளி அங்கே போகலாம். ஆளோடு கடனும் கைமாறும். இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல். ஒன்பது வளைவுப் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1921இல்தான். பாலத்துக்கு நூறு வயது ஆனபோது முகநூலில் எத்தனை வாழ்த்துப் பார்த்தோம்! துண்டு ஒழிந்து நூறு வருடம் என்று ஒரு பதிவும் என் கண்ணில் படவில்லை.

பாலத்துக்கும் ஒரு கதை உண்டு, அது சிங்கள அயலவர்களின் கதை. யுத்தத்துக்கு இரும்பு தேவைப்பட்டதால் பாலத்துக்கு வர வேண்டிய இரும்பு வரவில்லை. அப்புஹாமி என்ற ஊர்க்காரர், "நாங்கள் கல்லாலேயே கட்டித் தருகிறோம்" என்று துரையிடம் சொல்லிக் கட்டி முடித்தார் என்பது கதை. பாலத்துக்கு "ஆகாயம் ஒன்பது" என்று சிங்களத்தில் ஒரு பெயர் உண்டு. கீழே பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்பது வளைவுக்குள்ளும் ஒன்பது துண்டு வானம். எவ்வளவு அழகான பெயர். எழுத்துச் சான்று என்று பார்த்தால், இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் வெளியிட்ட ஒரு அறிக்கை இருக்கிறது. ரயில்வேயின் ஹரோல்ட் கத்பேர்ட் மார்வூட் என்பவரே பாலத்தை வடிவமைத்தவர், வரைபடங்களும் அதில் உண்டு. அறிக்கையின் தலைப்பே கொன்கிரீட் பாலம் என்றுதான் சொல்கிறது. 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். இரும்புச் சட்டம் இல்லாமல் நிற்கிறது என்பது உண்மை. அதற்கு யுத்தம்தான் காரணம் என்பது கதை.

ஆக, சிங்களவர்களுக்கு அப்புஹாமி, தோட்டத் தமிழர்களுக்குக் கங்காணி. சோனகர்களாகிய எங்களுக்கு என்ன இருக்கிறது? கதை ஒன்றும் இல்லை, கடன் கொப்பிதான் இருக்கிறது. சிரிக்க வேண்டாம், அதற்கும் வருகிறேன்.

ரயிலுக்கு முன்னால் இந்த மலைகளில் பாரம் ஏற்றியவர்கள் நாங்கள்தான். தவளம் என்ற பெயரைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். முதுகில் பொதி ஏற்றிய காளைகளின் வரிசை. கிழக்குக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஊவாவுக்கு ஏறும், இங்கிருந்து பாக்கு இறங்கும். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்று மடிகே என்றொரு பகுதியே இருந்தது, அதில் முஸ்லிம்கள் இராச சேவை செய்தார்கள். ஹாலி எல பக்கம் போகொடையில் ஓடு வேய்ந்த பழைய மரப்பாலம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பதுளையும் கண்டியும் நடையிலும் மாட்டிலும் தொடுக்கப்பட்டிருந்த காலத்தின் மிச்சம் அது.

1815இல் கண்டி ஆங்கிலேயரின் கைக்குப் போனது. 1817இல் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தார்கள். ஊர்த் தலைவர்களின் அதிகாரம் பறிபோவதாக எழுந்த கோபம் கிளர்ச்சியாக வெடித்தது. ஹாஜி மரிக்கார் கிளர்ச்சிக்காரர் கையில் சிக்கி இறந்தார். பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் அம்பு பட்டு இறந்தார். பிறகு 1818 முடியும் மட்டும் ஆங்கிலப் படை ஊவாவில் செய்தது அழிப்பு. வயல்களை எரித்தார்கள், மாடுகளைக் கொன்றார்கள், பழமரங்களைத் தறித்தார்கள். ஹாஜி மரிக்காரின் பெயரை எங்கள் ஆட்கள் சிலர் பெருமையாகவும், வேறு சிலர் எங்களைக் குத்திக்காட்டவும் எடுக்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது. ஒரு ஆட்சி தன் வசதிக்கு ஒரு மனிதரை நடுவில் நிறுத்தியது, அடி விழுந்தபோது அவர்தான் நடுவில் நின்றார்.

அதன் பிறகு 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் மேய்ச்சல் நிலமும் முடிக்குச் சொந்தம் என்றாகி, தோட்டக்காரர்களுக்குப் போனது. வயல் மட்டும் கீழே கிராமத்துக்கு மிஞ்சியது. மேலே கோப்பி ஏறியது. நான் தொடக்கத்தில் சொன்ன அந்த அடுக்கு இப்படித்தான் உண்டானது. தோட்டத் தமிழன் வந்து எங்கள் காணியைப் பிடித்தான் என்று கிராமத்தில் இன்றும் பேசுவார்கள். பிடித்தவன் கையில் சட்டப் புத்தகம் இருந்தது. லயத்துக்கு வந்தவன் கையில் துண்டுதான் இருந்தது.

கோப்பியின் கதையும் ஊவாவில்தான் முடியத் தொடங்கியது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இலையில் செம்மஞ்சள் பொட்டுப் பொட்டாக ஒரு நோய் கண்டார்கள். அடுத்த இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பியையே அது தின்று தீர்த்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமானது. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து போன தொழிலாளி, தேயிலைக்கு வருடம் முழுக்கத் தேவைப்பட்டார். ஆகவே குடும்பத்தோடு தங்கினார். லயம் நிரந்தரமானது.

தோட்டம் வந்த இடமெல்லாம் கடையும் வந்தது. என் உம்மாவின் வாப்பா தெமோதரைப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். நானா கடை என்றால் உங்களுக்குத் தெரியும்: அரிசி, மா, சீனி, கருவாடு, புகையிலை, சீத்தைத் துணி. சம்பள நாளில் காசு, மற்ற நாளில் கொப்பி. அவர் மௌத்தான பிறகு கடையும் போய்விட்டது, மூன்று கொப்பிகள் மட்டும் மாமி வீட்டு அலுமாரியில் தப்பிக் கிடந்தன. அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் திறந்தேன்.

மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று டிவிஷன் வாரியாகப் பெயர்கள். பெயருக்கு நேரே வாங்கிய சாமானும் காசும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் அடையாளத்துக்கு ஊர்ப்பெயரோ தகப்பன் பெயரோ சேர்த்திருக்கிறார். சில குறிப்புகளை மட்டும் அரபுத்தமிழில் எழுதியிருக்கிறார், அதாவது தமிழை அரபு எழுத்தில். கடன் வாங்கியவர் பார்த்து மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. உம்மாதான் வாசித்துக் காட்டினார். எழுபதுகளின் கொப்பியில் பக்கம் பக்கமாகப் பெயர்களின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ஒரே குறிப்பு: "இந்தியா போயாச்சு." சில இடங்களில் "செம்பு தந்து தீர்த்தது", "ஆடு ஒன்று". ஒரு பெயருக்கு நேரே பெரிய தொகையொன்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்து, அரபுத்தமிழில் ஒரே சொல்: "ஹலால்." மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம்.

இந்தக் கோடுகளின் பின்னால் இருக்கும் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த சட்டத்தின் பெயர் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். பெயரைக் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த சோனகர்களும் அதே தராசில்தான் நிறுக்கப்பட்டார்கள். சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைச் சோனகர் ஒரு கட்டம், இந்தியச் சோனகர் வேறொரு கட்டம். இது தோட்டத்துப் பிரச்சினை, எங்களுக்கு என்ன என்று சொல்கிற எங்கள் ஆட்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்களைக் கேட்காமல் ஆட்களைப் பங்கிட்டார்கள். வந்தவர்களின் பேரன் பேத்திகள் அவர்கள், பெரும்பாலானோர் இங்கேயே பிறந்தவர்கள்.

அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு: ஒப்பாரிக் கோச்சி. அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா. மகளைக் கட்டிக்கொடுத்த இடம் இங்கே, தாய் தகப்பனுக்கு அங்கே. கோச்சி நகரும்போது உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் ஒரே சத்தத்தில் ஒப்பாரி. பதுளைப் பாதையில் ஏறி, பொல்ஹாவலையில் வடக்குப் பாதைக்குத் திரும்பி, மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் பழைய துறைகூட இல்லை. 1984இல் யுத்தத்தால் கப்பல் நிற்கும் வரை இது நடந்தது. போனவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அந்தத் தோட்டங்களை 1968இல் தொடங்கியதே அவர்களுக்காகத்தான். மறுபடியும் மலை, மறுபடியும் கொழுந்து. இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன்.

இப்போது தெமோதரைச் சுற்றை நினைத்துப் பாருங்கள். பதுளையிலிருந்து வரும் கோச்சி முதலில் நிலையத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் போகும். பிறகு மலையைச் சுற்றி ஏறி மேடைக்கு வரும். மேடையில் பெட்டி படுக்கையோடு நிற்பவர்களுக்குத் தாங்கள் ஏறப்போகும் கோச்சி காலுக்குக் கீழே வந்துவிட்டது முன்கூட்டியே தெரிந்துவிடும். அது மேலே வந்து சேரும் வரை இருந்த சில நிமிடங்களைப் பற்றி ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். "சத்தம் கேட்டதும் எங்கம்மா என் கைய புடிச்சிச்சு சேர், கோச்சி மேல வாற மட்டும் ஒன்னும் பேசல." அவருக்கு அப்போது ஒன்பது வயது. கையைப் பிடித்த அம்மா வழியனுப்ப வந்தவர். போனது அம்மாவின் தங்கச்சி குடும்பம்.

வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வழிகாட்டிகள் தலைப்பாகைக் கதையைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அதே மேடையில் இதையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம் என்பதுதான் என் ஆசை. ரயில்வே நிலையத்தைப் பழைமை மாறாமல் அழகாகத்தான் வைத்திருக்கிறது. ஒரு பலகைக்கு இடமில்லாமல் போகாது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எத்தனை பேர் மண்ணுக்குள் என்று முதல் நாட்களில் வந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். ஒரு இடத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல எல்லோரும் தடுமாறினார்கள். லயத்துக்கு வீட்டு இலக்கம் கொண்ட விலாசம் கிடையாது, கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்துதான் பிரியும். காணிக்கு உறுதி கிடையாது. ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் கிடைத்தவர்கள் இன்னும் சிறு தொகையினர்தான். நூறு வருடத்துப் பாலத்துக்குப் பதிவு இருக்கிறது, நேற்றுவரை இருந்த மனிதருக்கு இல்லை.

அந்தப் பிள்ளை "வரலாறு இல்ல சேர்" என்று சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன். கொப்பியிலிருந்து மேல்கணக்குப் பெயர்களை நகல் எடுத்துக் கொடுத்தேன், வீட்டில் காட்டு என்றேன். கடன் தொகைகளை மறைத்துத்தான் கொடுத்தேன், அது அவர்களுக்கும் உம்மாவின் வாப்பாவுக்கும் இடையில் உள்ள விசயம். அடுத்த வாரம் நாலு பெயருக்கு நேரே பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள்: இவர் எங்க பாட்டனோட அண்ணன், இவங்க கூடலூர், இவர் செத்துட்டார், இவர யாருக்கும் தெரியல.

இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். தெமோதரை, உடுவரை, ஹாலி எல பக்கத்துத் தோட்டங்களில் எந்த டிவிஷனில் எந்தக் குடும்பம் இருந்தது, எந்த வருடம் போனது, யார் மிஞ்சினார்கள். உங்களிடம் பழைய துண்டோ, பற்றுச்சீட்டோ, இந்தியக் கடவுச்சீட்டின் படமோ, கூடலூரிலிருந்து வந்த கடிதமோ இருந்தால் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். மூலப்பிரதி வேண்டாம், அதை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். நீலகிரிப் பக்கத்து உறவுகள் யாராவது இதை வாசித்தால், பதுளையில் எந்த நிலையத்தில் கோச்சி ஏறினீர்கள் என்பதை மட்டுமாவது எழுதுங்கள். பசறை, லுணுகலைப் பக்கம் பழைய கடைக்காரக் குடும்பங்களும் அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். கறையான் தின்னாத கொப்பி ஒன்றாவது இருக்கும்.